பதக்கம் போன அன்று யார் கூட நின்றார்கள்?

விராலிமலைப் பக்கம் விடியக்காலையில் ரோட்டோரம் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒலிம்பிக் கனவெல்லாம் கிடையாது, போலீஸ் செலக்‌ஷன்தான் குறி. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்கணும். கோச் கிடையாது, சிந்தெடிக் டிராக் கிடையாது. மலைக்கோயில் படிக்கட்டுதான் ஜிம்.

இதே மாதிரி மண்தரையில் ஓடிப் பழகி ஆசியப் பதக்கம் வரைக்கும் போன ஒருவர் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்: கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். அவர் கதையைப் பலரும் "பாவம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு ஓட்டக்காரருக்கு ஆதரவு என்றால் என்ன? அது எப்போது வரணும்?

சாந்தி பிறந்தது 1981-ல். அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள். ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. முதல் ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. அடுத்த வருஷம் டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி.

அதோடு சரி. ஓட்டம் முடிந்ததும் பாலினச் சோதனை. அதில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்து சாப்பிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் பெண்ணாகத்தான். பிறவியிலேயே அமைந்த உடற்கூறுதான் பிரச்சினை ஆனது. இவ்வளவுக்கும் எல்லா வீராங்கனைகளுக்கும் கட்டாயச் சோதனை என்ற வழக்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே கைவிட்டிருந்தது. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிக்கலாம் என்ற கதவு மட்டும் திறந்தே கிடந்தது.

அப்போது ஆதரவே வரவில்லையா? வந்தது. முதல்வர் கருணாநிதி அறிவித்திருந்த 15 லட்சம் ரூபாயைப் பதக்கம் போன பிறகும் கொடுத்தார், கூடவே ஒரு டிவியும். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். சாந்தி அந்தப் பணத்தை வைத்து மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். ஆனால் பரிசுப் பணம் ஒரு தடவை வருவது, சம்பளம் மாதாமாதம் வருவது. 2012-ல் அவர் தினக்கூலி 200 ரூபாய்க்குச் செங்கல் சூளையில் வேலை பார்ப்பதாகச் செய்தி வந்தது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் டிப்ளமோ படித்தார். தமிழ்நாடு விளையாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது 2016-ல். தோஹா முடிந்து பத்து வருஷம்!

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள். 2009-ல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா பெர்லினில் 800 மீட்டர் உலகத் தங்கம் வென்றபோது இதே சோதனை, இதே பேச்சு. ஊர் திரும்பியவரை விமான நிலையத்தில் கூட்டம் கொண்டாடியது, ஜனாதிபதி வரவேற்றார், அரசாங்கம் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது, 2010 ஜூலையில் திரும்ப ஓட வந்துவிட்டார். 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்த் காமன்வெல்த் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். இந்த முறை இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணை நின்றது. ஆய்வாளர் பயோஷ்னி மித்ரா ஆலோசனை சொல்லக் கூடவே இருந்தார். வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் அந்த மன்றம் விதியையே நிறுத்தி வைத்தது.

மூன்று பேரும் ஏழை வீட்டு கிராமத்துப் பெண்கள்தான். திறமையில் பெரிய குறை யாருக்கும் இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: பிரச்சினை வந்த வாரத்திலேயே காகிதத்தைப் படித்துச் சொல்லவும், அப்பீல் போடவும், "இவர் எங்க ஆள்" என்று சொல்லவும் ஒரு அமைப்பு இருந்ததா இல்லையா என்பது. சாந்திக்கு அனுதாபம் கிடைத்தது, வக்கீல் கிடைக்கவில்லை.

விதி சரியா தப்பா என்பது தனி விவாதம். 2019-ல் செமென்யாவே வழக்கில் தோற்றார். 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு கொண்டுவந்துவிட்டது. சந்தேகம் வந்தவருக்கு மட்டும் என்பது போய், இப்போது எல்லாருக்கும்.

அதனால் இது பழங்கதை இல்லை. நாளைக்கு நம்ம மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அந்த உயரத்துக்குப் போனால், அவர் முன்னாடியும் அந்தத் தாள் வைக்கப்படும். அதில் என்ன எழுதியிருக்கிறது, முடிவு யாருக்குத் தெரியவரும், எதிர்த்துக் கேட்க எத்தனை நாள் அவகாசம் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே தமிழில் உட்கார்ந்து விளக்க ஒரு ஆள் வேண்டும். ஷூ வாங்கித் தர ஒரு தாத்தா போதும். இதற்கு மாவட்ட விளையாட்டு அலுவலகம், தடகளச் சங்கம், ஒரு வக்கீல், ஒரு டாக்டர் என்று ஒரு வரிசையே முன்கூட்டித் தயாராக இருக்கணும்.