ரிவால்வரா, பிஸ்டலா? காவலர் இடுப்பில் இருக்கும் இரு வகைக் கைத்துப்பாக்கிகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் போகிறவர்கள், சீருடையில் சுற்றுக்காவல் வரும் அதிகாரிகளைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் இடுப்பில் இருப்பது எல்லாம் ஒரே துப்பாக்கி என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கைத்துப்பாக்கிகளில் இரண்டு பெரிய வகைகள் உண்டு: ரிவால்வர், பிஸ்டல்.

இதைத் தெரிந்துகொள்ள நம் சமூகத்துக்குக் காரணம் இருக்கிறது. தேசிய சேவைக்காகப் பல தமிழ் இளையர்கள் காவல்துறைக்குச் செல்கிறார்கள். துணைக் காவல் படைகளில் மலேசியத் தமிழர்கள் பல்லாண்டுகளாகப் பணிபுரிகிறார்கள். 2017ல் தைவானியர்களுக்கும் 2024ல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளைச் சேர்ந்தோருக்கும் அந்த வேலைக்கான வாய்ப்பு திறந்துவிடப்பட்டது. வேலையில் சேர்பவர் கையில் துப்பாக்கி வரலாம். அது எப்படிப்பட்டது, எவ்வளவு பொறுப்பைக் கொண்டுவருகிறது என்பதை அவரும் குடும்பத்தாரும் முன்கூட்டியே அறிவது நல்லது.

ரிவால்வர்: சுழலும் உருளை

ரிவால்வரின் நடுவே ஓர் உருளை இருக்கும். அதில் உள்ள துளை ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா. விசையை இழுக்கும்போது உருளை சுழன்று அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவரும். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் இந்த முறைக்கு 1836ல் காப்புரிமை பெற்றார்.

சிங்கப்பூர்க் காவலர்கள் நெடுங்காலம் எடுத்துச் சென்றது பிரேசிலில் தயாரான டாரஸ் 85 ரகம். .38 அளவுத் தோட்டா, ஐந்து மட்டுமே கொள்ளும். ரிவால்வர்களில் இது சிறிய உடல் கொண்டது. முழு அளவு ரிவால்வர்கள் பெரும்பாலும் ஆறு தோட்டா கொள்ளும்.

இதன் பெரிய பலம் எளிமை. உருளையைத் திறந்தாலே எத்தனை தோட்டா இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். விசையை நீளமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டியிருப்பதால் கைதவறி வெடிக்கும் வாய்ப்பும் குறைவு.

அந்தப் பலமே பலவீனமும் ஆகிறது. விசையைப் பலமாக இழுக்கும்போது கை அசையும், குறி விலகும். ஐந்து தோட்டாவும் தீர்ந்தபின் மறுபடி நிரப்ப நேரம் எடுக்கும்.

பிஸ்டல்: கைப்பிடிக்குள் தோட்டாப்பெட்டி

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் ஒரு பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும். இதை மேகசின் என்பார்கள். ஒரு முறை சுட்டதும் துப்பாக்கியின் மேல்பகுதி பின்னே சென்று வெற்று உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டுதான். அதனால்தான் இதைப் பாதித் தானியங்கி என்கிறோம்.

பழைய பாணிக்கு உதாரணம் ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1911. கனத்த எஃகு உடல், மேகசினில் ஏழு தோட்டா. புதிய பாணிக்கு உதாரணம் 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவத்துக்காக உருவான கிளாக் 17. உடலின் பெரும்பகுதி வலுவூட்டிய பிளாஸ்டிக், மேகசினில் 17 தோட்டா. அதைவிடச் சற்றே சிறியது 15 தோட்டா கொள்ளும் கிளாக் 19. அண்மை ஆண்டுகளில் சிங்கப்பூரின் முன்களக் காவலர்களிடம் டாரஸுக்குப் பதிலாக வந்திருப்பது இதுதான்.

தோட்டா அதிகம், விசை இலகு, மேகசினை மாற்றச் சில விநாடி போதும். இவை பிஸ்டலின் பலங்கள். ஆனால் தோட்டா சிக்கிக்கொண்டால் அதைச் சரிசெய்யத் தனிப் பயிற்சி வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் அடியில் ஒரு தோட்டா மிஞ்சியிருக்கலாம். “பெட்டியை எடுத்துவிட்டேன், காலியாகிவிட்டது” என்று நம்பிய கைகளில் உலகெங்கும் விபத்துகள் நடந்துள்ளன. காலி என்று தெரிந்தாலும் உள்ளே பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம்.

எது சிறந்தது?

யார் கையில், எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. எப்போதாவது மட்டுமே பயிற்சி பெறும் காவலருக்கு ரிவால்வரின் எளிமை உதவும். ஆயுதம் ஏந்திய பலரை ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டியவருக்கு ஐந்து தோட்டா போதாது. 2008ல் மும்பையைத் தாக்கிய பத்துப் பேரிடம் இருந்தவை தானியங்கித் துப்பாக்கிகள். அதில் மாண்ட 166 பேரில் சிங்கப்பூர்ப் பெண் வழக்கறிஞர் ஒருவரும் அடங்குவார். அத்தகைய தாக்குதல்களுக்குப் பிறகு உலகின் பல காவல்துறைகளும் தங்கள் ஆயுதங்களை மறுபரிசீலனை செய்தன.

ஆனால் தோட்டாக் கணக்கு எல்லாவற்றுக்கும் விடையல்ல. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு ரேஸ்கோர்ஸ் சாலையில் கலவரம் மூண்டபோது முதலில் வந்த அதிகாரிகளிடம் ரிவால்வர்கள் இருந்தன. வாகனங்கள் எரிந்தன, அதிகாரிகள் பலர் காயமடைந்தனர். இருந்தும் காவல்துறை ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கூட்டத்தைக் கலைத்தது சிறப்புச் செயல்பாட்டுப் படை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு அந்த இரவை விரிவாக ஆராய்ந்தது. அன்று சுட்டிருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வேறு மாதிரிச் செய்தி போயிருக்கும் என்பதை நம்மவர்கள் எளிதில் உணர்வார்கள். துப்பாக்கி எந்த வகை என்பதைவிட, அதை எப்போது உறையிலேயே விட்டுவைப்பது என்பதுதான் கடினமான பயிற்சி.

துப்பாக்கியைப் பறிகொடுக்காமல் காப்பதும் அதற்கு ஈடான பயிற்சி. 2015ல் கூ டெக் புவாட் மருத்துவமனையில் காவலில் இருந்த ஒருவர் அதிகாரியின் ரிவால்வரைப் பறித்ததில் குண்டுகள் வெடித்தன. அதிகாரி காயமடைந்தார். குற்றவாளிக்குப் பின்னர் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கப்பட்டன.

சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே

வகையில் வேறுபாடு இருந்தாலும் 1973ல் வந்த ஆயுதக் குற்றச் சட்டம் ரிவால்வர், பிஸ்டல் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

- உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி.
- காயம் விளைவிக்கும் நோக்கில் சுட்டால், சுட முயன்றால் மரண தண்டனை. யாருக்கும் காயம் படவில்லை என்பது தப்பிக்க வழியாகாது.
- இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் ஆயுதக் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். அதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறையுடன் பிரம்படி.

ஊருக்குப் போய்த் திரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிஸ்டல், ரிவால்வர் வடிவில் இருக்கும் சிகரெட் லைட்டரை இங்கே கொண்டுவரத் தடை உண்டு. நினைவுப்பொருளாக வாங்கிய தோட்டாவோ அசலைப் போன்ற பொம்மைத் துப்பாக்கியோ பெட்டியில் இருந்தால் சாங்கியிலும் உட்லண்ட்சிலும் சிக்கல் வரும். விளையாட்டுக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே காவல்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடுவதில் ஆர்வம் உள்ளவர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கிச் சுடும் மன்றங்களை நாடலாம். அங்கே துப்பாக்கி மன்றத்தின் காவலிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது. காவல் வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் இதே கட்டுப்பாடுதான். பணி முடிந்ததும் ஆயுதத்தை எண்ணிச் சரிபார்த்து, கையெழுத்திட்டு ஒப்படைத்த பிறகே வீட்டுக்குக் கிளம்ப முடியும்.