மன்னார்த் தீவின் காற்று மின் திட்டங்கள்

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகளும், அவற்றின் பின்னால் வந்தவையும் வராமலே போனவையும் இலங்கை மின்துறை வரலாற்றில் தனி அத்தியாயம். காற்றின் வேகத்தையும் ஓர் அலகின் விலையையும் நுணுகிப் பார்த்த திட்டக்காரர்கள், தீவில் குடியிருப்போரின் சம்மதத்தைக் கடைசியில்தான் கேட்டார்கள்.

பெருமுதலீடு தீவுக்குப் புதிதல்ல. 1914இல் தலைமன்னார் வரை ரயில் வந்தது. அங்கிருந்து இந்தியாவின் தனுஷ்கோடிக்குக் கப்பல். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது, 1990இல் உள்நாட்டுப் போர் ரயிலையும் நிறுத்தியது. 2015 மார்ச்சில்தான் அது தலைமன்னாருக்குத் திரும்பியது.

சோளகமும் வாடையும் எப்போது வீசும் என்பது மீனவர்களுக்குப் பரம்பரை அறிவு. அதை வரைபடமாக்கியது அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம்: 2003இல் அது வெளியிட்ட இலங்கைக் காற்றுவள அட்லஸ் வடமேற்குக் கரையைச் சிறந்த இடங்களில் ஒன்றாகக் காட்டியது. அப்போது இலங்கை மின்சார சபையின் கையில் இருந்தது, 1999இல் அம்பாந்தோட்டையில் நிறுவிய 3 மெகாவாட் பரீட்சார்த்த நிலையம் மட்டுமே.

போர் முடிந்த பிறகும் காற்றாலை உடனே எழவில்லை. மின்சாரத்தைத் தீவிலிருந்து கொண்டுபோகக் கம்பி வேண்டுமே! மன்னார் வழியாக நடுக்குடா வரை உயர் அழுத்த மின்வழியும் துணைநிலையமும் அமைந்தன. ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் அங்கீகரித்த 20 கோடி டொலர் கடனில் ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணை உருவாகி, 2020 டிசம்பர் 8இல் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், தலா 3.45 மெகாவாட் வீதம் 103.5 மெகாவாட்; திறந்தபோது உரிமை மின்சார சபைக்கே இருந்தது. வலசைப் பறவைகளைக் கண்காணிக்க ராடாரும் உண்டு. அது அலங்காரமல்ல: மத்திய ஆசிய வலசைப் பாதை மன்னாரைத் தொடுகிறது, அருகிலுள்ள வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம்.

அடுத்த கட்டம் வேறு மாதிரி நடந்தது. 2022இல் இந்தியாவின் அதானி கிரீன் எனர்ஜி நிறுவனம், கேள்விப்பத்திரம் கோரப்படாமலே உள்ளே வந்தது. மன்னாரில் 250, பூநகரியில் 234, மொத்தம் 484 மெகாவாட். இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருந்ததாக அப்போதைய ஜனாதிபதி தன்னிடம் கூறினார் என்று அவ்வாண்டு ஜூனில் பாராளுமன்றத்தின் பொது முயற்சியாண்மைக் குழுவில் (கோப்) சொன்ன மின்சார சபைத் தலைவர், பின்னர் அதை மீளப் பெற்றுப் பதவியும் விலகினார். 2024இல் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு அமைச்சரவை இணங்கியது. திட்டத்தை எதிர்த்துச் சூழல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் சென்றனர். அதே தீவில் 50 மெகாவாட்டுக்குப் போட்டி விலைமனுவில் ஹேலீஸ் ஃபென்டன்ஸ் நிறுவனம் கேட்டது 4.65 சதம். இரண்டும் அருகருகே வந்தபின் பழைய விலையைக் காப்பாற்றுவது கடினம். 2025 ஜனவரியில் அமைச்சரவை அதை ரத்துச் செய்தது. பெப்ரவரியில் அதானி விலகியது.

மலிவான திட்டத்துக்கும் ஊர் இசையவில்லை. மழைநீர் வடியும் வழியைக் காற்றாலைத் தெருக்கள் மறித்ததால் வீடுகள் வெள்ளத்தில் மூழ்குவதாகவும், கரைவலைப் பாடு குறைந்ததாகவும் மக்கள் முறையிட்டனர். தீவில் இல்மனைட் கனிமம் அகழப்படும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. 2025 ஆகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த நீளமான வாகனங்களை இரவிலும் மறித்தனர். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டம்பர் இறுதியில் பொலிஸ் காவலுடன் பாகங்கள் மீண்டும் வந்தபோது கைகலப்பு. 29ஆம் திகதி மன்னாரில் ஹர்த்தால்.

கையிலிருந்த பணிகள் தொடரும், ஆனால் மக்கள் இணக்கமின்றி மன்னாரில் புதிய காற்றாலை இல்லை என்பது அதன்பின் அரசு எடுத்த நிலைப்பாடு.