பெரியப்பாவின் ஹெரால்டும் என்னுடைய ஆறரை லட்சமும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்குடியிலிருந்து அண்ணன் (பெரியப்பா பையன்) போன் பண்ணினார். "மாட்டுக் கொட்டகைய இடிக்கப் போறோம்டா. அந்த ஹெரால்டு வண்டிய காயலான் கடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன். இரும்பு விலைக்கு எடுத்துக்கறேங்கறான். உனக்கு ஏதாவது வேணுமா, ஸ்டியரிங் கிடியரிங்?"

ஸ்டியரிங் வேண்டாம், வண்டியே வேணும் என்று யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது. எதிரே காபி டம்ளருடன் தங்கமணி. புனே வந்து பத்தொன்பது வருஷத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை அது.

"எவ்வளவு ஆகும்?"

"ஒரு மூணு, மூணரை..."

"பொண்ணு காலேஜ் பணத்துல கை வைக்கக் கூடாது. அதைத் தவிர எதை வேணா பண்ணிக்கோங்க."

அவ்வளவுதான் சாங்ஷன். ஆபீசில் வருஷம் பூரா பட்ஜெட் போடுவதுதான் நான் பிடுங்குகிற ஆணி. ஆனால் இந்த ஒரு காருக்குக் கணக்குப் போட, 1950களின் இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டியிருந்தது.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். வண்டி 1967-ல் பதிவான இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெரியப்பா அதை 1974-ல் திருச்சியில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 1983-ல் எங்கள் அத்தை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டார்கள். திருச்சியில் வாடகைக்கு இருந்த ஒரே திறந்த கார் அன்றைக்கு வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டது. பெரியப்பா அசரவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து, ஒரு மத்தியானத்துக்குள் கூரையைக் கழற்றித் திண்ணையில் சாய்த்துவிட்டார். அறுக்கவில்லை, கழற்றினார். அப்போது எனக்கு எட்டு வயசு. காருக்கு மொட்டை அடிக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினது நான்தான்.

அதற்கப்புறம் கூரை திரும்ப ஏறவே இல்லை. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் "அய்யா, வண்டி வேணும்" என்று வந்து நின்றார்கள். 2001-ல் என் மாப்பிள்ளை அழைப்பும் அதில்தான் நடந்தது. கடைசி இரண்டு தெருவுக்கு மச்சான்கள் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்பது தங்கமணி இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிற கதை :-)

ஒரு காரின் கூரையை ஸ்பேனர் வைத்துக் கழற்ற முடியுமா? அம்பாசடரிலோ பியட்டிலோ நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஹெரால்டில் ஏன் முடிந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் இருந்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு 1950களில் பெரிய பாடி தொழிற்சாலை சொந்தமாக இல்லை. ஃபிஷர் அண்ட் லுட்லோ என்ற கம்பெனியிடம் பாடி வாங்கித்தான் காலம் தள்ளினார்கள். 1953-ல் அந்தக் கம்பெனியை பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. ஆஸ்டினும் மாரிஸும் 1952-ல் ஒன்று சேர்ந்து உண்டான கம்பெனி அது. நம் அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அவர்கள் வீட்டுப் பிள்ளைதான். போட்டிக் கம்பெனியின் புதுக் காருக்கு பாடி செய்து கொடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? கையை விரித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் உலகம் மோனோகாக் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதாவது தனி சேஸிஸ் இல்லாமல், முழு பாடியையும் ஒரே பெட்டியாக வெல்டு பண்ணி, அந்தப் பெட்டியே பாரத்தைத் தாங்குவது. ஸ்டாண்டர்டு கம்பெனியே தன் 'எய்ட்' காரை அப்படித்தான் செய்திருந்தது. ஆனால் முழுப் பெட்டியைச் செய்து கொடுக்க ஆள் இல்லை என்றானதும் ஒரு படி பின்னால் போனார்கள். பழைய மாதிரி தனி சேஸிஸ். அதன் மேல் துண்டு துண்டாக பாடி. ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு இடத்தில் செய்து வாங்கி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். உருவத்தை இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து கொடுத்தார். 1959 ஏப்ரலில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த அறிமுக விழாவில், மேடையிலேயே சில நிமிடங்களில் ஒரு காரைப் பூட்டிக் காட்டினார்களாம். மெக்கானோ விளையாட்டு மாதிரிதான்.

வேறு வழியில்லாமல் செய்தது, பின்னால் பெரிய வசதியாகப் போனது. பாரத்தைத் தாங்குவது சேஸிஸ் என்பதால் கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி நிற்கும். அதே சேஸிஸில் கூப்பே, 1960-ல் கன்வர்டிபிள், பிறகு எஸ்டேட், வேன் என்று போட்டுத் தள்ளினார்கள். அந்த சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. முன்பக்க பானெட் மொத்தமாக முன்னால் சாயும். இஞ்சின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பெரிய கோயில் தெருவில் பெரியப்பா ரிவர்ஸ் போடாமல் திருப்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

துண்டு துண்டாகப் பூட்டும் வண்டி நம் ஊருக்கும் தோதாக அமைந்தது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா முதலில் வான்கார்டு, அப்புறம் பென்னண்ட் என்று செய்துவிட்டு, 1961-ல் ஹெரால்டுக்கு வந்தது. ஆரம்பத்தில் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி, படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறினார்கள். அன்றைய இந்தியாவில் கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் பியட், மதராஸில் ஹெரால்டு. காசு இருந்தாலும் தேர்ந்தெடுக்க இந்த மூன்றுதான். அதற்கும் 1959-ல் வந்த கார் விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவு, பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் உண்டு. இன்றைக்கு இ.எம்.ஐ.யில் ஒரு வாரத்தில் டெலிவரி எடுக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ மொகலாயர் காலத்துக் கதை மாதிரி பார்க்கிறார்கள்.

மூன்றில் ஹெரால்டு மூன்றாவதாகவே இருந்தது. 948 சிசி இஞ்சின். குழியில் விழுந்து எழுந்தால் போல்ட் எல்லாம் தளர்ந்து கிலுகிலுப்பை மாதிரி சத்தம். தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்சில் என்ற பின் சக்கர அமைப்பு நம் சாலைகளுக்குச் சரிப்படவில்லை. பின் சீட்டில் பாட்டியை ஏற்ற முன் சீட்டை மடக்க வேண்டும். 1960களின் கடைசியில் நான்கு கதவு வந்தது. 1970களில் உருவத்தையும் பின் ஆக்சிலையும் மாற்றி 'கஸல்' என்று கொண்டுவந்தார்கள். எடுபடவில்லை. 1985-ல் ரோவர் பாடியில் பழைய இஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988-ல் கார் உற்பத்தியே நின்றுபோனது.

இப்போது பட்ஜெட்டுக்கு வருகிறேன். நான் போட்ட முதல் எக்செல் 3,80,000 ரூபாய். அதில் பெயிண்ட்டுக்கு மட்டும் 1,20,000, குரோம் வேலைக்கு 40,000. எல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு. லால்குடியில் வேலையை ஒப்புக்கொண்டவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க காருக்குக் கணக்குப் போடல, போட்டோவுக்குப் போட்டிருக்கீங்க" என்றார். அத்தோடு நிற்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் இரும்புப் பெட்டிகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். நாலு இடத்தில் உள்ளே போய்விட்டது. இருபது வருஷ மாட்டுக் கொட்டகை ஈரம்!

கதவு சரியாக மூடவில்லை என்றால் கீலில் கோளாறு என்று நினைப்போம். ஹெரால்டில் அப்படியில்லை. பாடியைத் தாங்கும் அந்தக் கைகள் துருப்பிடித்துத் தாழ்ந்தால் கதவு இடுக்கு மாறிவிடும். அதைச் சரி செய்யாமல் மேலே பெயிண்ட் அடித்தால், கொடுத்த காசு இரண்டாவது மழைக்காலம் தாண்டாது. அதனால் இந்த வண்டிக்கு எஸ்டிமேட்டை முழுதாகப் பிரிப்பதற்கு முன்னால் போடவே கூடாது. பிரிப்பதற்கு மட்டும் 25,000 தனியாகக் கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றுமுன் போட்டோ எடுத்து, கவரில் போட்டு எழுதி வைக்கச் சொன்னேன். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே உயரம் சரிசெய்ய வைத்திருந்த சின்னத் தகடுகள் உள்பட. அதிலும் கூரை இல்லாத வண்டி என்றால் இன்னொரு எச்சரிக்கை: பாடியைத் தூக்குவதற்கு முன் கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு பண்ணிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மடங்கிவிடும்.

இரண்டாவது கணக்கு 6,50,000. சேஸிஸ், பாடி வெல்டிங், டிங்கரிங் 1,60,000. இஞ்சின், கியர் பாக்ஸ் 1,10,000. பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் டாங்க் 70,000. பெயிண்ட் 80,000-க்கு இறங்கிவிட்டது. சக்கரம் 13 அங்குலம் என்பதால் டயருக்கு அலைய வேண்டியதில்லை. ரப்பர் பீடிங், சில பிரேக் சாமான்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் அங்கே இன்னும் கிடைக்கிறது. கப்பல் கூலி, சுங்க வரியோடு 75,000. வயரிங், சீட், இதர வகைக்குப் போக, பெயர் தெரியாத செலவுக்கென்று 90,000 ஒதுக்கினேன். என் பிரயாணச் செலவை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. லீவு போட்டு, சென்னை வழியாக இதுவரை ஐந்து தடவை போய்வந்தாயிற்று. உங்களில் யாராவது வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டியிருந்தால் இந்த வரி புரியும். முடித்தபின் விற்றால் இந்தப் பணம் திரும்பி வருமா? வராது. இதைத் தங்கமணியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் கூரையில் வந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அதற்குப் பின் மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போய்வரலாம்.

எங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோ கூரையுள்ள கார். அசல் வடிவம் என்றால் கூரை ஏற வேண்டும். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த வண்டியைக் கூரையோடு ஞாபகமே இல்லை. அத்தை, சித்தப்பா, நான், ஊரில் பாதிப் பேர், எல்லோருடைய கல்யாண ஆல்பத்திலும் அது மொட்டை வண்டிதான். வருகிற தை மாசம் கல்யாணம் வைத்திருக்கும் அத்தை பேத்தி வேறு, "மாமா, வண்டி ரெடியாயிடுமா? ஓப்பன் காராத்தானே வரும்?" என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நானும் அண்ணனும் இதை வைத்து ஒரு மாசம் போனிலேயே சண்டை போட்டோம். கூரையோடு பதிவு செய்வோம் என்பது அவர் கட்சி. எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் 86 வயசுப் பெரியப்பாவிடமே கேட்டுவிடுவோம் என்று போன தடவை ஊருக்குப் போனேன்.

கூரை கொட்டகையில்தான் இருந்தது. நாற்பது வருஷமாக அதன் அடியில் பெரியம்மா வரட்டி அடுக்கி வைத்திருக்கிறார். தூக்கி வெளியே வைத்தோம். ஓரங்களில் துரு, பின் கண்ணாடி இல்லை. ஆனால் நடுத் தகடு திடமாக இருக்கிறது என்றார் ஃபிட்டர் அய்யா. அந்தக் கண்ணாடி நேராக இல்லாமல் இரண்டு பக்கமும் வளைந்து வரும். இங்கே செய்ய முடியாது. ஒதுக்கிய 90,000 எங்கே போகப் போகிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையை ஏத்தறதா வேண்டாமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. உள்ளே போய், பூஜை அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கறுத்த எண்ணெயில் ஊறிக்கொண்டு கூரையின் போல்ட்டுகள். 1983-ல் கழற்றின அன்றைக்குப் போட்டது.

"கல்யாணம் முடிஞ்ச மறுநாளே மாட்டிடலாம்னுதான்டா வெச்சேன்" என்றார். "அப்புறம் ஆளு மாத்தி ஆளு வந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

ஃபிட்டர் அய்யா பேப்பர் விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து, மரை பார்த்து அடுக்கினார். ஒன்று மட்டும் குறைகிறது. லேத்தில் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.