சவிட்டு நாடகமும் களரிக் கால்களும்

முத்துக்குளித்துறையில் வளர்ந்த கிறித்தவத் தமிழைப் பற்றிப் பேசுவோர், அண்டிரிக்கி அடிகளாரையும் 1586இல் அச்சேறிய அவருடைய ‘அடியார் வரலாறு’ நூலையும் கூறி அமைவர். அந்நாளில் தூத்துக்குடி, புன்னைக்காயல் உள்ளிட்ட இக்கரை, 1557இல் அமைக்கப்பட்ட கொச்சி மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அக்கொச்சிப் பகுதியில் தமிழ் மிகுந்த மொழியில் ஆடப்பட்டுவரும் சவிட்டு நாடகத்தை நம் நாடக வரலாறுகள் போதிய அளவு கருதுவதில்லை.

இலத்தீன் கிறித்தவர்களின் கலை இது. பலகை மேடை அதிர மிதித்து ஆடுவதால் இப்பெயர். புகழ்பெற்ற ‘காறல்மான் சரிதம்’ பேரரசர் சார்லமேனின் கதை. அதை இயற்றிய சின்னத்தம்பி அண்ணாவி தமிழகத்திலிருந்து சென்றவர் என்பது மரபு. ஆசிரியரை அண்ணாவி என்பதும், கட்டியக்காரன் மேடையேறுவதும் நம் கூத்தை நினைவூட்டுவன. செபீனா ராஃபி இக்கலையை விரிவாக ஆராய்ந்து மலையாளத்தில் நூல் எழுதினார் (1964).

ஐரோப்பியப் பேரரசராக வேடம் புனைந்தவர்களுள் மீனவரும் கூலித் தொழிலாளரும் மிகுதி. ஆடல் அவர்க்குக் குலத்தொழில் அன்று. பின் இத்துணைக் கடினமான அடவுகள் எங்ஙனம் கைவந்தன? விடை களரியில் உள்ளது. தாழ்ந்து நின்று உடற்பாரத்தை இடுப்பில் தாங்குவதும், ஒரு காலை உயர்த்திய நிலையில் தடுமாறாதிருப்பதும் மெய்த்தாரியில் நாள்தோறும் பழகுவன. கோலும் வாளும் கேடயமும் அதன்பின் வருபவை. அவ்வாறு பழகிய உடலுக்குப் புதிய சுவடு (அடவுக்கு அங்கு வழங்கும் பெயர் இது, எவ்வளவு அழகிய சொல்!) தெரிந்த எழுத்துகளால் ஆன புதிய சொல் போன்றது.

ஆயினும் களரி எல்லாவற்றையும் தந்துவிடாது. போரில் எப்போது அடியெடுத்து வைப்பது என்பதை எதிரி முடிவு செய்கிறான். மேடையிலோ செண்டையும் இலைத்தாளமும் முடிவு செய்கின்றன. ஆடுபவனே பாடவும் வேண்டும். மிதியின் நடுவே பாட்டுக்கு மூச்சை மிச்சப்படுத்துவதைக் களரி கற்பிப்பதில்லை. களரி தேர்ந்தவன் சுவட்டை விரைவில் கற்பான். நாடகத்தையும் அவ்வாறே கற்பான் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

பரதத்திலிருந்து களரியை நோக்கி வந்த சந்திரலேகாவின் ‘அங்கிகா’ 1985இல் அரங்கேறியபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதே. ஆனால் சபா மேடைகளைக் கண்டறியாத கடற்கரை மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே வாள்வீச்சையும் தாளத்தையும் இணைத்திருந்தனர். அவர்களுடைய போர்க் காட்சியில் வாளோடு வாள் மோதும் ஓசையும் தாளத்தில்தான் விழ வேண்டும்.