கடைப்பருவத் தாரா வேட்டை: கிள்ளான் பள்ளத்தாக்கு

கடைப்பருவத் தாரா வேட்டை என்பது, வடதேசங்களில் ஏரிகளும் சதுப்புகளும் உறைந்துவிட்ட பின் தெற்கே வலசை வந்து தங்கிய நீர்ப்பறவைகளை, அவை மீண்டும் தாயகம் நோக்கிப் புறப்படுமுன் துப்பாக்கியால் வீழ்த்தும் விளையாட்டாகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேட்டைக்காரன் உறைபனியில் பதுங்கி நின்று இதை ஆடுவான். கோலாலம்பூரிலும் கிள்ளானிலுமோ அதே மார்கழி, தை, மாசி மாதங்களில் புழுக்கத்திற்கும் மழைக்கும் குறைவில்லை, குளிர் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. எனினும் சைபீரியாவின் குளிரே பறவைகளை இக்கரைக்கு ஓட்டி வருவதால், இவ்விடத்து வேட்டையும் அந்தக் குளிர்காலத்தின் விளைவே ஆகும்.

பறவை வகைகள்

இப்பகுதியில் வேட்டைக்கு இலக்கான நீர்ப்பறவைகளை மூன்று பிரிவாகக் கொள்வது தகும். முதற்பிரிவு, இங்கேயே முட்டையிட்டு ஆண்டு முழுவதும் வாழும் தாராக்கள். இவற்றுள் தலையாயது சீழ்க்கைத் தாரா. செம்பழுப்பு உடலும் நீண்ட கால்களும் உடைய இது மரப்பொந்துகளில் கூடு கட்டுவது, கிளைகளில் அமர்வது, பகலில் ஓய்ந்திருந்து அந்தியில் இரை தேடப் புறப்படுவது ஆகிய இயல்புகளால் ஏனைய வாத்தினங்களினின்றும் எளிதில் பிரித்தறியப்படும். கூட்டத்தில் ஒன்று சுடுபட்டு வீழ்ந்தால் மற்றவை அகன்று போகாமல், சீழ்க்கையிட்டுக்கொண்டே அவ்விடத்தையே வட்டமிட்டு மீண்டும் மீண்டும் துப்பாக்கியின் எல்லைக்குள் வரும் ஸ்வபாவம் இதற்கு உண்டு. ஆதலால் பழைய வேட்டைக்காரர் இதைச் சுடுவதைத் திறமைக்கு அடையாளமாகக் கருதவில்லை. வாத்தினத்துள் மிகச் சிறியவற்றுள் ஒன்றான குள்ளத்தாராவும் இப்பிரிவைச் சேர்ந்ததே.

இரண்டாம் பிரிவு, வலசை வரும் தாராக்கள். நீலச்சிறகியே இவற்றுள் முக்கியமானது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அரிதாகவே காணப்படும். நீலச்சிறகியின் ஆண், இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் தன் வண்ணங்களை உதிர்த்துப் பெட்டையைப் போன்ற மங்கிய கோலத்தில் வந்து சேர்ந்து, குளிர்காலத்தின் பெரும்பகுதியை அக்கோலத்திலேயே கழிக்கும். புருவத்தின் மேல் வெண்பிறைக் கோடும், தோளின் மேல் சாம்பல் நீலமும் பூரணமாகத் தெளிவது பருவத்தின் கடைசியில்தான். நெடும்பயணத்திற்காகக் கொழுப்பு திரள்வதும் அப்பொழுதே. கடைப்பருவ வேட்டைக்குத் தனிச் சிறப்பு ஏற்பட்டதற்கு இவையே காரணங்கள்.

மூன்றாம் பிரிவு, தாரா அல்லாத உள்ளான். இது கரைப்பறவைக் குடும்பத்தினது. ஆயினும் அதே சதுப்பில், அதே பருவத்தில், அதே துப்பாக்கியால் சுடப்பட்டமையால் வேட்டை நூல்களில் தாராவோடு ஒருங்கே வைத்துப் பேசப்படும். மலாயாவில் மிகுதியாக வருவது ஊசிவால் உள்ளான். வாலை விரித்துப் பார்த்தால் சுமார் இருபத்தாறு இறகுகள் காணப்படும், அவற்றுள் ஓரத்தில் இருப்பவை கம்பி போல மெலிந்து விறைத்து நிற்கும். அறுவடை முடிந்த வயலில் காலடியிலிருந்து குபீரென்று கிளம்பிக் கோணல்மாணலாகப் பறக்கும் இப்பறவையை வீழ்த்துவதே துப்பாக்கி வித்தையின் உண்மையான பரீட்சை எனலாம்.

வேட்டை முறை

விடியற்காலையும் அந்தியுமே தாரா பறக்கும் வேளைகள். கோரைப் புதரிலோ குட்டைக் கரையிலோ மறைந்திருந்து, இருப்பிடத்திற்கும் மேய்ச்சலுக்கும் இடையே பறவைகள் செல்லும் வழியில் சுடுவர். தாராவிற்கு நான்கு முதல் ஆறாம் எண் ரவையும், உள்ளானுக்கு எட்டாம் எண் பொடி ரவையும் ஏற்றவை. சதுப்பில் சிதறிய ஈய ரவைகளைத் தாராக்கள் அரைவைக் கற்களென்று விழுங்கி நஞ்சேறி மடிவது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை முற்றிலும் விலக்கின. முஸ்லிம் வேட்டைக்காரர் இறைவன் திருநாமத்தைச் சொல்லியே சுடுவர். வீழ்ந்த பறவைக்கு உயிர் எஞ்சியிருந்தால் விரைந்து சென்று அறுப்பர்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய வெள்ளீயச் சுரங்கத் தொழில் இப்பள்ளத்தாக்கெங்கும் குட்டைகளை விட்டுச் சென்றது. 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றுத் துறையோடு இணைத்த புகைவண்டிப் பாதை, உத்தியோகஸ்தர்களும் தோட்டத் துரைமார்களும் கடலோரச் சதுப்பை எளிதில் அடையச் செய்தது. பின்னர் 1930களில் தஞ்சோங் காராங் வட்டாரத்துச் சதுப்புக்காடு வடிக்கப்பட்டு நெல்வயலாக மாறத் தொடங்கியபோது, தாராவிற்கு நேர்ந்த நஷ்டம் உள்ளானுக்கு லாபமாயிற்று.

இப்பறவைகளைப் பற்றிய அறிவு சாஸ்திர முறையில் திரண்டது கோலாலம்பூரின் சிலாங்கூர் அருங்காட்சியகத்தைச் சார்ந்தே எனலாம். கூட்டு மலாய் மாநிலங்களின் அருங்காட்சியக இயக்குநராயிருந்த எச். சி. ராபின்சன் தொடங்கிய மலாய்த் தீபகற்பப் பறவை நூலின் முதற்பாகம் 1927இல் வெளிவந்தது. அவர் மறைந்தபின் எஃப். என். சேஸன் முடித்துக்கொடுத்த மூன்றாம் பாகம், வேட்டைப் பறவைகளையும் கரையோரப் பறவைகளையும் பற்றியது, 1936இல் வந்தது. அருங்காட்சியகக் கட்டிடமோ 1945 மார்ச்சில், அருகிலிருந்த புகைவண்டி வளாகத்தைக் குறிவைத்த நேசநாட்டு விமானக் குண்டுகள் தவறி விழுந்ததில் சிதைந்தது. அவ்விடத்தில் 1963இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. யுத்தகாலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த போலீஸ் அதிகாரி ஜி. சி. மேடாக், அங்கேயே மலாயாப் பறவைகளுக்கு ஓர் அறிமுக நூல் எழுதிய விடாமுயற்சி போற்றத்தக்கது.

வேட்டைக்காரராய் வாழ்ந்து பாதுகாவலராய் மாறிய தியோடர் ஹப்பக்கின் பெயர் இவ்வரலாற்றில் முதன்மை பெறும். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கோலாலம்பூர் புகைவண்டி நிலையத்தை வடிவமைத்த ஏ. பி. ஹப்பக்கின் சகோதரர் இவர். இவர் தலைமையில் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தின் அறிக்கை 1932இல் மூன்று பாகங்களாக வெளிவந்து, இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்காவிற்கு அடிகோலியது. தமிழகத்தில் வேடந்தாங்கல் மக்கள், வெள்ளைச் சிப்பாய்கள் தங்கள் ஏரிப்பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டி 1798ஆம் ஆண்டளவில் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் உரிமைச் சாசனம் பெற்றதை நோக்க, மலாயாவின் இம்முயற்சி காலத்தால் மிகப் பிந்தியதே.

1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் துப்பாக்கி வைத்திருப்போர் கடுங்கண்காணிப்புக்கு ஆளாயினர். வேட்டை விளையாட்டின் மவுசு அத்தோடு குன்றியது. 1955இல் காட்டு விலங்கு, பறவைப் பாதுகாப்புச் சட்டமும், 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. எனினும் இப்பகுதியில் தாரா அருகியதற்குத் துப்பாக்கியைவிடச் சதுப்பின் அழிவே காரணம்.

இக்கால நிலை

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987இல் அமைந்தது. டெங்கிலை அடுத்த பாயா இண்டாவின் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளிலும் புத்ராஜாயாவின் செயற்கைச் சதுப்பிலும் நீர்ப்பறவைகள் காணப்படுகின்றன. காப்பார் மின்நிலையத்துச் சாம்பல் குளங்களில் கடல் ஏற்றத்தின்போது கரைப்பறவைகள் ஒதுங்கும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதன் அட்டவணைகளில் இடம்பெற்ற பறவை எதனையும் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்கு இலாகாவின் உரிமமோ அனுமதியோ இன்றிச் சுடுவதும் வலைவைத்துப் பிடிப்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும்.