இல்லாத உடையின் பெயரால்

காக்கிச் சட்டை, கறுப்புச் சட்டை என்று உடுத்திய உடையால் பெயர்பெற்ற கூட்டங்கள் பல. உடுத்தாத உடையால் பெயர்பெற்றவை மிகச் சில. பிரெஞ்சுப் புரட்சியின் சான்குலோத்துகள் 'முழங்கால் கால்சட்டை இல்லாதவர்கள்'. அர்ஜென்டினாவின் தெஸ்கமிசாதோக்கள் 'சட்டை இல்லாதவர்கள்'. இடையே ஒன்றரை நூற்றாண்டு, ஒரு பெருங்கடல்.

பாரிஸின் கைவினைஞரும் சிறு கடைக்காரரும் கணுக்கால் வரை நீண்ட கால்சட்டை அணிந்தவர்கள். பிரபுக்களின் குலோத் என்ற முழங்கால் கால்சட்டையும் பட்டுக் காலுறையும்தான் அவர்களிடம் இல்லை. 1945 அக்டோபர் 17 அன்று, காவலில் இருந்த, பின்னாளில் அதிபரான பெரோனை விடுவிக்கக் கோரி புவனோஸ் ஐரிஸில் திரண்ட தொழிலாளர்களிடமும் சட்டை இருந்தது. மேலே போடும் கோட்டுதான் இல்லை. கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, மாயோ சதுக்கத்து நீரூற்றுத் தொட்டியில் கால் நனைத்தபடி அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம் இன்றும் புகழ்பெற்றது. ஆக, இரு பெயர்களும் சொல்லப்பட்டவரின் உடையைவிட, ஏளனமாகச் சொன்ன மேல்தட்டினரின் அலமாரியையே நமக்குக் காட்டுகின்றன.

இரண்டு வசைகளும் விரைவிலேயே பெருமைப் பெயர்களாயின. ஆயினும் வழி வேறு. பாரிஸில் பேட்டைக் கூட்டங்களில் வாதாடியவர்கள் தாமே அதைச் சூடிக்கொண்டனர். அர்ஜென்டினாவில் அது தலைமையின் வாயால் வளர்ந்தது: பெரோனின் 1946 தேர்தல் ரயிலுக்கே அப்பெயர், அவர் மனைவி எவிதா தொழிலாளர்களை 'என் தெஸ்கமிசாதோக்கள்' என்றே விளித்தார். இருவரையும் பிரிக்கும் ஆழமான கோடு இதுவே என்பேன்.

எதிர்பாராத உறவு தலைவர்களின் உடையில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் கடைசிவரை குலோத்தையும் பொடி பூசிய தலையலங்காரத்தையும் விடவில்லை. எவிதா தியோர் ஆடையிலும் நகைகளிலும் மின்னினார். உடை வேடமாகவும் ஆனது: 1792-இல் ஓவியர் புவாய் தீட்டிய புகழ்பெற்ற சான்குலோத் ஓவியத்தில் கொடியேந்தி நிற்பவரோ செனார் என்ற மேடைப் பாடகர். எவிதாவுக்கு மாறாக, பெரோன் மேடையில் கோட்டைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

அரசுகளும் அரசியல் பெயர்களை லேசாக எண்ணவில்லை. 1793-இன் குடியரசு நாட்காட்டி ஆண்டிறுதி நாட்களுக்கு சான்குலோத்துகளின் பெயரைச் சூட்டியது. 1795-இல் அப்பெயர் நீக்கப்பட்டது. பெரோன் வீழ்ந்தபின், 1956-இன் அரசாணை 'பெரோனிஸ்ட்' என்ற சொல்லையே தடைசெய்தது.

உடைகளின் முடிவு மட்டும் ஒன்றுபோல் இல்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியப் பிரபுக்களும் நீண்ட கால்சட்டைக்கு மாறினர். குலோத் அரண்மனைச் சடங்குகளோடு ஒதுங்கியது. அர்ஜென்டினாவின் கோட்டு அப்படித் தோற்கவில்லை. தெஸ்கமிசாதோக்களின் பேரப்பிள்ளைகளும் அலுவலகத்துக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போனார்கள்.