மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கு என்ன வேலை?

எங்கள் ஊர்ப்பக்கம் கால்நடை மருத்துவமனை என்று யாரும் சொல்வதில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் தமிழர்களுக்கு அது மாட்டாஸ்பத்திரி. போர்டில் மட்டும் மலையாளத்தில் மிருகாசுபத்திரி என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவர் மாட்டு டாக்டர். பசுவும் ஆடும் நிற்கிற வரிசையில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றால், இவனுக்கு வேற வேலை இல்லையா என்று பார்ப்பார்கள்.

இங்கே இங்கிலாந்தில் நேர் எதிர். நகரத்தில் 'வெட்' என்றால் நாயும் பூனையும்தான். அதனால் நம் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. ஊரில் அப்பா அம்மா துணைக்கு நாய் வளர்க்கிறார்கள், அதை அந்த மாட்டு டாக்டரிடம் நம்பிக் காட்டலாமா? அவர் படித்தது மாடுதானே?

பதில் தேடப் போனால் 120 வருட வரலாறு வந்து விழுகிறது. டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: அடியேன் பி.காம்., வங்கியில் ஆணி பிடுங்குபவன். வைத்தியம் சொல்ல வரவில்லை. ஒரு படிப்பு எப்படிப் பழசாகிறது, அதை யார் புதுப்பிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபட்ட விஷயம். அதை மட்டும் சொல்கிறேன்.

1903ல் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமானது. இரண்டு வருடத்தில் வேப்பேரிக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1936ல் இந்தியாவிலேயே முதலாவதாக அங்கே பட்டப்படிப்பு வந்தது. அப்போது பாலக்காடு மலபார் மாவட்டத்தில், அதாவது சென்னை மாகாணத்தில் இருந்தது. எனவே அங்கே வந்த டாக்டர்களின் தாய்வீடு வேப்பேரி. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956ல் எல்லாம் கேரளமானது. (அந்தப் பக்கத்துத் தமிழர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை. இன்னொரு நாள் பேசலாம்.) கேரளத்துக்கென்று மண்ணுத்தியில் கல்லூரி வந்தது 1955ல்.

வெள்ளைக்காரன் காலத்தில் கால்நடை மருத்துவம் என்றால் பட்டாளத்துக் குதிரையும் உழவு மாடும்தான். ஊர் ஊராக மாட்டைக் கொன்ற வெக்கை நோய்தான் பெரிய எதிரி. அதை உலகத்தைவிட்டே ஒழித்துவிட்டோம் என்று 2011ல்தான் அறிவித்தார்கள். அந்தப் பாடத்தில் நாய்க்கு ஓரமாக ஒரு இடம். இடுக்கி மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் கோம்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு நாய் இனத்துக்கே பெயர் கொடுத்த ஊர். காவலுக்கும் வேட்டைக்கும் அந்த நாயை வளர்த்தவர்கள் அதற்கு டாக்டர் தேடிப் போனதில்லை. போனாலும் டாக்டர் என்ன செய்திருப்பார் என்பது சந்தேகம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு காசு எங்கே போனது? அதுவும் மாட்டுக்குத்தான். 1963ல் இந்திய அரசும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டு, மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டியில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தன. பெயரைப் பாருங்கள், மாட்டுப்பட்டி! சுவிஸ் பிரவுன் காளையையும் நாட்டுப் பசுவையும் கலந்து சுனந்தினி என்ற இனம் வந்தது. உறைவிந்து, செயற்கைக் கருவூட்டல் எல்லாம் கிராமத்துக்கு வந்தன. 1976ல் இதற்கென்று ஒரு வாரியம் அமைந்தது. இடுக்கியில் மாட்டுப்பட்டி, பாலக்காட்டில் தோணி என இரண்டு இடத்திலும் காளைப் பண்ணையும் பயிற்சி மையமும் வந்தன. வேலையில் இருக்கும் டாக்டர்களையும் ஊழியர்களையும் கூப்பிட்டு, புதிதாக வந்ததைச் சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். படிப்பு முடிந்த பிறகும் படிக்க வைப்பது என்பது எங்கள் எல்லைப் பகுதிக்கு இப்படித்தான் வந்தது. மாட்டுக்காக வந்தது.

இதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2002ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லைப் பக்கத்துக் கிளை ஒன்றில் கறவை மாட்டுக் கடன் ஃபைல்கள்தான் என் மேஜையில். மாட்டு டாக்டர் சான்றிதழ் கொடுத்தால்தான் கடன். காதில் வில்லை போட்டால்தான் இன்ஷூரன்ஸ். மாட்டுக்கு விலை உண்டு, பால் வருமானம் உண்டு, ஈடு உண்டு. நாய்க்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? பேலன்ஸ் ஷீட்டில் வராத பிராணிக்கு யாரும் பயிற்சி மையம் கட்ட மாட்டார்கள்.

ஆனால் செலவுப் பக்கத்தில் நாய் எப்போதும் இருந்தது. அங்கே அதன் பெயர் ரேபிஸ்.

1902ல் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் அந்த வருடம் ரேபிஸ் ஒழிந்தது. வால்டர் லாங் என்ற அமைச்சர் 1890களின் கடைசியில் நாய்களுக்கு வாய்க்கூடை போட வேண்டும் என்று சட்டம் போட்டார், வெளியிலிருந்து வரும் நாய்களைத் தடுத்து வைத்தார். ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள், ஆனால் நோய் போய்விட்டது. (முதல் உலகப்போர் முடிகிற சமயம் பட்டாளத்துக்காரர்கள் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த நாய்களால் 1918ல் திரும்ப வந்து, 1922ல் மறுபடி போனது.) அதே 1902ல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். ஊசி போட வேண்டுமென்றால் இமயமலை அடிவாரத்தில் கசௌலிக்குப் போக வேண்டிய காலம் அது. அந்தச் சாவுக்குப் பிறகு, அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. 1907 ஏப்ரலில் வேலை ஆரம்பம்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இது பெரிய வரம். போத்தனூர், மேட்டுப்பாளையம், அங்கிருந்து 1899லேயே வந்துவிட்ட மலை ரயில், குன்னூர். மூணாறு தோட்டத் தொழிலாளிக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே 1908 முதல் 1924 வெள்ளம் வரை டாப் ஸ்டேஷனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது, ஆனால் அது தேயிலைக்கு. மலையை விட்டு போடிக்கு இறங்கி, அதற்குப் பிறகு நாட்கணக்கில் பயணம். பிற்பாடு ஊசி மருந்தையே மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறை வந்தது.

நம்மில் பலருக்கு நினைவிருக்கும் 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' இதன் வாரிசுதான். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911ல் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. சிலருக்கு நரம்பையே பாதிக்கும் ஆபத்து அதில் இருந்தது. இருந்தும் 2004 கடைசி வரை இந்தியாவில் அதைத் தயாரித்தோம்! அதைவிட நல்ல ஊசி உலகத்தில் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

இங்கேதான் நான் படித்த கணக்கு நினைவுக்கு வருகிறது. கடித்த பிறகு மனிதனுக்குச் செலவு செய்துகொண்டே இருந்தோம். கடிக்கிற நாய்க்கு ஊசி போடுகிற, கருத்தடை செய்கிற டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவு செய்யவில்லை. பிரிட்டன் நாயிடம் ஆரம்பித்தது, நாம் மனிதனிடம் ஆரம்பித்தோம்.

அப்படியானால் நாய் வைத்தியத்தை எங்கள் டாக்டர்கள் எப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்? முதல் வழி தபால். 1924ல் சென்னையில் 'இந்தியன் வெட்டரினரி ஜர்னல்' ஆரம்பமானது. மலையடிவார ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வெளியுலகச் செய்தி வர அதுதான் ஜன்னல்.

அந்த ஜன்னல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 1975ல் பட்டம் வாங்கிய ஒரு டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1978ல் உலகத்தின் பல மூலைகளில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நாய்க்குட்டிகள் ரத்தமாகக் கழிந்து செத்தன. பூனைக்கு வரும் ஒரு வைரஸின் நெருங்கிய சொந்தம். பெயர் பார்வோ. 1981ல் சென்னையிலிருந்து இந்தியாவின் முதல் அறிக்கை வந்தது. நம் டாக்டர் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த நோய் இல்லை, இருக்கவும் முடியாது. இதழைப் படித்தவர் நோயை அடையாளம் கண்டு, உடனே சலைன் ஏற்றி, குட்டியைத் தனியாக வைத்திருப்பார். படிக்காதவர் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார். இருவருக்கும் சுவரில் மாட்டியிருப்பது ஒரே பட்டம்தான்.

காமர்ஸ்காரர்கள் இதைத் தேய்மானம் என்போம். வாங்கிய நாளிலிருந்து சொத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகும், பராமரிப்புக்குக் காசு ஒதுக்க வேண்டும். இங்கே பிரிட்டனில் ஒரு கால்நடை மருத்துவர் வருடத்துக்கு 35 மணி நேரமாவது புதிதாகப் படித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். வங்கியில் நாங்கள் எழுதும் வருடாந்திரத் தேர்வு மாதிரிதான், முணுமுணுத்துக்கொண்டே செய்வார்கள் :)

ஊரில் அந்தப் பராமரிப்புச் செலவைப் பல வருடம் ஏற்றுக்கொண்டவர்களில் மருந்து கம்பெனிகள் முக்கியமானவை. ரெப் கொண்டுவரும் துண்டுப் பிரசுரம், ஓட்டலில் கருத்தரங்கு, மதியச் சாப்பாடு. 2000ல் அகமதாபாத் இன்டாஸ் நிறுவனம் ஆரம்பித்த 'இன்டாஸ் பாலிவெட்' இதழில் உருப்படியான கட்டுரைகள் வந்தன, மறுப்பதற்கில்லை. இருந்தாலும், விற்பவரே வாத்தியாராகவும் இருந்தால் பாடம் எந்தப் பக்கம் சாயும் என்று பாலிசி விற்கச் சொல்லி நெருக்கப்பட்ட எந்த வங்கிக்காரனைக் கேட்டாலும் சொல்வான்.

அதனால்தான் 2007 எனக்கு முக்கியமான வருடமாகப் படுகிறது. உலக சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கம் அந்த வருடம் தடுப்பூசி வழிகாட்டியை முதன்முதலாக வெளியிட்டது. பிறகு பலமுறை திருத்தினார்கள், கடைசியாக 2024ல். 2015ல் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்கென்றே தனி அறிக்கை. குட்டிக்குத் தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாது, ஆகவே கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பார்வோ போன்ற நோய்களுக்கு, முதல் சுற்றை ஒழுங்காக முடித்த வளர்ந்த நாய்க்கு வருடா வருடம் ஊசி தேவையில்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பது இன்னொன்று. ரேபிஸுக்கு மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி. ஊசி விற்பவர் சொல்லத் தயங்கும் விஷயத்தைச் சங்கமே சொன்னது, அதுவும் இலவசமாக. 1955ல் முதலில் வந்த மெர்க் கையேடும் இப்போது இணையத்தில் இலவசம். குமுளியில் இருக்கும் டாக்டரும் லண்டன் டாக்டரும் ஒரே பக்கத்தைப் படிக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் படித்தே கற்றுக்கொள்ள முடியாது. பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது கைப்பழக்கம். தெருநாய்க்குக் கருத்தடையும் ஊசியும் என்று மத்திய அரசு விதி போட்டது 2001ல். கேரளத்தில் குடும்பஸ்ரீ மூலம் அந்த வேலை நடந்தது. உரிய அங்கீகாரம் இல்லை என்று 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியது. 2022ல் ரேபிஸ் சாவுகள் மாநிலத்தையே உலுக்க, செப்டம்பரில் அவசரமாக நாய்களுக்கு ஊசி போடும் இயக்கம் ஆரம்பித்தார்கள். நாய் பிடிக்க ஆள் தேட வேண்டியிருந்தது. நாயைத் தொடப் போகிறவர்களுக்கே முதலில் ஊசி போட வேண்டியிருந்தது. மாட்டுப்பட்டியும் தோணியும் மாட்டுக்குச் செய்ததை நாய்க்கு யாரும் செய்து வைத்திருக்கவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

வழி இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. லூக் கேம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 2003ல் ஆரம்பித்த உலகக் கால்நடைச் சேவை அமைப்பு ஊட்டியில் பயிற்சி மையம் நடத்துகிறது. பட்டம் வாங்கிய டாக்டர்கள் அங்கே போய், தேர்ந்தவர் பக்கத்தில் நிற்க, தங்கள் கையாலேயே நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பழகுகிறார்கள். குன்னூரிலிருந்து கூப்பிடு தூரம். அதே கேம்பிள் 2013ல் ஆரம்பித்த மிஷன் ரேபிஸ், கோவா அரசோடு சேர்ந்து வருடா வருடம் நாய்களுக்கு ஊசி போட்டது. 2021ல் கோவா ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கடிக்கிற இடத்தில் ஆரம்பித்தால் கணக்கு நேராகிறது.

ஆக, மாட்டு டாக்டரை நம்பலாமா? அவர் படித்த பட்டத்தில் நாயும் உண்டு. கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது, எதைப் படித்தார் என்பதைத்தான். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்பவர் நல்ல டாக்டர். "16 வாரத்தில் ஒரு ஊசி வேண்டுமா டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லா நாயும் செல்லம்தான். தெருவில் தூங்கும் நாயையும் தடவப் போவார்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் வேண்டுமா என்று கேளுங்கள். நாயை 10 நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ரேபிஸ் வந்துவிட்டால் மருந்தில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்யும்போது, சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்ட கையோடு, நாய்க்கு ரேபிஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேளுங்கள். "போன வருஷமோ, அதுக்கு முந்தின வருஷமோ" என்று இழுத்தால், அடுத்த நாள் காலையில் மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வரிசையில் நிற்பவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.